மார்த்தாண்டம் திட்டம் தோற்றதா? ஒய்.எம்.சி.ஏ.வும் ஒரு தேன்பெட்டியும்

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், சரியாகப் பிடித்தேனா பாருங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள். ஊரக வளர்ச்சிக் குறிப்பேட்டில் "மார்த்தாண்டம் திட்டம், 1921, ஸ்பென்சர் ஹேட்ச், ஒய்.எம்.சி.ஏ." என்று இருக்கிறது (ஒய்.எம்.சி.ஏ. என்றால் இளைஞர் கிறிஸ்தவச் சங்கம்; கிராம மக்களின் வருமானத்தை உயர்த்த அது நடத்தியதுதான் இந்தத் திட்டம்). அதற்குக் கீழே, மதச்சார்பு, நிதிக் குறைவு, அரசு ஆதரவு இல்லாமை ஆகியவற்றால் தோல்வி என்று ஒரே வரி. அதே மார்த்தாண்டத்துத் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை எங்கோ படித்துவிட்டு, தோற்ற திட்டத்துக்கு இந்தப் பேர் எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். கூடவே, உங்கள் ஊரில் ஒரு மத அமைப்பு இளைஞர்களுக்கு நடத்தும் தொழிற்பயிற்சியில் தம்பியைச் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம் என்று நினைக்கிறேன்: சாமி பேரைச் சொல்லித் தொடங்கிய தொண்டு, அந்தச் சாமியைக் கும்பிடாதவனுக்கும் உருப்படியாக எதையாவது செய்யுமா?

நான் வேளாண் விரிவாக்கத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம்: குழித்துறை, அருமனை, குலசேகரம், திருவட்டாறு. வரலாற்று ஆய்வாளன் இல்லை. இறையியல் சுத்தமாகத் தெரியாது. ஒய்.எம்.சி.ஏ. உறுப்பினனும் இல்லை, கிறிஸ்தவனும் இல்லை. தேன்பெட்டியின் பக்கம் நின்று இந்தக் கதையைப் பார்த்தவன், அவ்வளவுதான். அதனால் எது ஆவணத்தில் உள்ளது, எது என் ஊகம் என்று பிரித்துச் சொல்லிக்கொண்டே போகிறேன். தேர்வுக்கு மட்டும்தான் பதில் வேண்டும் என்றால் குறிப்பேட்டில் உள்ளதை அப்படியே எழுதிவிடுங்கள். விடைத்தாள் திருத்துபவரிடம் போய் விவாதம் செய்ய முடியாது.

முதலில் அமைப்பு எங்கிருந்து வந்தது என்பது. 1844 ஜூன் 6, லண்டன். ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற துணிக்கடைச் சிப்பந்தி, வயது 22. கிராமத்திலிருந்து பட்டணத்துக்கு வேலைக்கு வந்து, கடைக்கு மேலேயே நெருக்கியடித்துப் படுத்து, விடிந்ததிலிருந்து இரவு வரை கவுண்டரில் நின்ற பையன்களில் ஒருவர். நம் ரங்கநாதன் தெருவில் கடை மாடியில் தங்கி வேலை பார்க்கும் தென்மாவட்டத்துப் பையன்களை நினைத்துக்கொண்டால் போதும், வேறு விளக்கம் தேவையில்லை. பன்னிரண்டு பேர் கூடி ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தது என்ன? ஜெபக் கூட்டமும் பைபிள் வாசிப்பும். இதை மழுப்ப வேண்டியதில்லை. இளைஞர் விடுதி, மாலை வகுப்பு, உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இது சபை நடத்திய அமைப்பு இல்லை, சபைகளைச் சேர்ந்த சாதாரண ஆட்கள் நடத்தியது. ஒய்.எம்.சி.ஏ. ஞானஸ்நானம் கொடுக்காது, நற்கருணை கொடுக்காது, தனக்கென்று ஒரு சபை கட்டாது. பின்னால் வருகிற மதச்சார்புக் கேள்விக்கு இந்த வித்தியாசம் தேவைப்படும்.

சென்னைக்கு 1890இல் வந்தது. டேவிட் மெக்கானகி என்ற அமெரிக்கர் தொடங்கினார். பாரிமுனைப் பக்கம் இன்றும் நிற்கிற அந்தச் செங்கல் நிறக் கட்டடத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். ரொம்ப நாள் அது பட்டணத்துச் சமாச்சாரமாகவே இருந்தது: மாணவர், குமாஸ்தா, விடுதி அறை, வாசகசாலை. அதைக் கிராமத்துப் பக்கம் திருப்பியவர் ஒரு சேலத்துக்காரர், கே.டி. பால். 1916இல் அகில இந்திய ஒய்.எம்.சி.ஏ.வுக்குப் பொதுச் செயலாளரான முதல் இந்தியர் அவர்தான். பிற்பாடு 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கும் போனார். நம் நாட்டு இளைஞன் கிராமத்தில்தானே இருக்கிறான், பட்டணத்தில் விடுதி கட்டி என்ன பிரயோஜனம் என்பது அவர் வாதம். அவர் முதலில் கையில் எடுத்தது கூட்டுறவுக் கடன் சங்கம். வட்டிக்கடைக்காரனிடமிருந்து மீட்காமல் வேறு எதைப் பேசியும் பயனில்லை என்று புரிந்திருந்தார். குறிப்பேடுகள் ஹேட்ச் பெயரை மட்டும் போட்டுவிட்டு இவரை விட்டுவிடுவது எனக்குப் பழைய மனத்தாங்கல்.

ஹேட்ச் அமெரிக்கர், வேளாண்மை படித்தவர். மார்த்தாண்டம் அப்போது சென்னை மாகாணத்தில் இல்லை, திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1இல்தான் அந்தத் தாலுகாக்கள் இங்கே சேர்ந்தன. ஊருக்குப் பழைய பெயர் தொடுவெட்டி. வயசாளிகள் இன்றும் "தொடுவெட்டிச் சந்தை" என்பார்கள். திருவனந்தபுரம் போகிற ரோட்டில் சந்தை கூடும் இடம் என்பதால், மையத்துக்கு அது தோதான இடம். சுற்றிலும் பனையேறிகள், கூலிக்காரர்கள், கால் ஏக்கர் அரை ஏக்கர் வைத்திருப்பவர்கள். அந்தக் காலத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கவே சத்தியாகிரகம் நடந்தது 1924-25இல், இதே சமஸ்தானத்தில். கோயில் நுழைவுப் பிரகடனம் வர 1936 ஆயிற்று. அப்படிப்பட்ட ஊரில் எல்லாச் சாதிக்காரரையும் மதத்தாரையும் ஒரே பயிற்சிக்குக் கூப்பிட்டு, கோழியும் தேனீயும் பற்றிப் பாடம் எடுப்பது சின்ன விஷயமில்லை.

ஒய்.எம்.சி.ஏ.வின் சின்னம் முக்கோணம்: ஆவி, மனம், உடல். மார்த்தாண்டத்தில் அதோடு பொருளாதாரம், சமூகம் என்று இரண்டைச் சேர்த்து ஐந்து பக்கமாக்கினார்கள். பசியோடு இருப்பவனிடம் மூன்று பக்கம் போதாது என்று தெரிந்திருக்கிறது. வேலைமுறை இப்படி: இலவசமாக எதையும் கொடுப்பதில்லை, ஜனங்கள் தாங்களே செய்வார்கள், ஆனால் பக்கத்திலேயே விஷயம் தெரிந்த ஓர் ஆள் இருப்பான், கூப்பிட்டால் வருவான். முட்டை விற்கும் சங்கம், தேன் சங்கம், பொலிகாளைச் சங்கம், நெசவுச் சங்கம் என்று வைத்தார்கள். பொலிகாளையை நாலு வீட்டுக்காரர் தனித்தனியாக வாங்க முடியாது, சேர்ந்தால் முடியும் என்கிற கணக்கு.

தேனைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பெட்டியைத் திறந்து பார்க்காமல் இந்தத் திட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் அபிப்பிராயம்.

பெட்டிக்கு முன்னால் தேன் எடுத்தது எப்படி? பொந்திலோ பானையிலோ இருக்கிற கூட்டைப் புகை போட்டு விரட்டி, அடையை அறுத்து, துணியில் போட்டுப் பிழிவார்கள். புழு, மகரந்தம், மெழுகு எல்லாம் சேர்ந்து கறுப்பாக ஒரு திரவம் வரும், நாலு நாளில் புளிக்கும். அந்தக் கூட்டமும் காலி. பெட்டி இதை மாற்றியது. கீழே புழு அறை, மேலே தேன் அறை, இரண்டிலும் தனித்தனியாக எடுக்கக்கூடிய மரச் சட்டங்கள். ராணி கீழே முட்டையிடும், தேன் மேலே சேரும். மேல் சட்டத்தை உருவி, அடையின் மெழுகு மூடியைக் கத்தியால் சீவி, தேன் எடுக்கும் கருவியில் வைத்துச் சுற்றினால் தேன் மட்டும் வெளியே தெறிக்கும். அடை உடையாது. அதைத் திரும்ப உள்ளே வைத்துவிடலாம். ஈக்களுக்குப் புது மெழுகு கட்டும் வேலை மிச்சம், அடுத்த வாரமே மறுபடி நிரப்பும். சூட்சுமம் எல்லாம் சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் விடுகிற இடைவெளியில்தான். இடம் கூடினால் நடுவில் அடை கட்டி ஒட்டிவிடும், குறைந்தால் ஈ நுழையாது. வெள்ளைக்காரர் வளர்க்கும் ஈ நம் ஈயைவிடப் பெரிது, அவர்கள் பெட்டி நம் அடுக்குத் தேனீக்கு ஒத்துவராது. அதனால் அளவைக் குறைத்துச் செய்த பெட்டிக்குத்தான் "மார்த்தாண்டம் பெட்டி" என்று பெயர். வேளாண் பல்கலைக்கழகப் பாடத்தில் இன்றும் அந்தப் பெயர் உண்டு. கூடவே "நியூட்டன் பெட்டி" என்று ஒன்றும் வரும். அந்த நியூட்டன் விஞ்ஞானி நியூட்டன் இல்லை, 1910களில் தென்னிந்தியாவில் தேனீ வளர்ப்பைச் சொல்லிக்கொடுத்த ஏசு சபைப் பாதிரியார். ஆக, நம் ஈக்கு வாய்த்த இரண்டு பெட்டியில் ஒன்று கத்தோலிக்கம், இன்னொன்று சீர்திருத்தச் சபைப் பக்கம். ஈ இதுவரை ஆட்சேபணை சொன்னதில்லை.

இனி குறிப்பேட்டின் வரிக்கு வருகிறேன். "தோல்வி" என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல், திட்டம் நாடு முழுக்கப் பரவியதா என்பது. 1952 அக்டோபர் 2இல் அரசு சமுதாய வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியதற்கு முன்னால் நடந்ததையெல்லாம் ஒரு பட்டியலாக்கி, சாந்திநிகேதன் பக்கத்து ஸ்ரீநிகேதன், அன்றைய பஞ்சாபின் குர்கான், மார்த்தாண்டம், சேவாகிராமம் என்று வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் ஏன் நிற்கவில்லை என்று ஒரு காரணம் எழுதுவார்கள். நிதி குறைவு, சரி. பரப்பு குறைவு, சரி. அதில் சண்டையில்லை. ஹேட்ச் கிளம்பி மெக்சிகோவில் இதே மாதிரிக் கிராமப்பணிக்குப் போன பிறகு மையத்தின் வேகம் இறங்கியதும் சரி. ஆனால் மதச்சார்பினால் தோற்றது என்பதை அதே பட்டியலை வைத்தே கேள்வி கேட்கலாம். குர்கான் திட்டத்தை நடத்தியவர் பிரெயின், மாவட்டத்தையே ஆண்ட பிரிட்டிஷ் அதிகாரி. அரசு கஜானா, அரசு ஆள், அரசு அதட்டல் எல்லாம் அவர் கையில் இருந்தது. மதம் பக்கத்திலேயே வரவில்லை. அவர் மாற்றலாகிப் போனதும் அந்த வேலையும் அவரோடு போனது. மதம் கலந்ததும் கலக்காததும் ஒரே மாதிரி ஆளோடு சுருங்கியது என்றால், சுருங்கியதற்குக் காரணம் மதமாக இருக்க முடியாது. ஆளை நம்பி நின்றதுதான் காரணம்.

அதற்காக மதச்சார்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஐந்து பக்கத்தில் ஒரு பக்கத்தின் பெயரே ஆவி. அவர்கள் அதை ஒளிக்கவில்லை. சேவை எல்லோருக்கும் திறந்தது என்பதும் ஆவணத்தில் உள்ளது. இதற்குமேல் நான் சொல்வது ஊகம்: சார்பு விதியில் இல்லை, வழியில் இருந்தது. மேற்குக் குமரியில் லண்டன் மிஷன் சபைகளும் பள்ளிக்கூடங்களும் அப்போதே நூறு வருடத்துக்கு மேல் வேரூன்றியிருந்தன. தேனீ வளர்க்கப் பயிற்சி, வருகிற சனிக்கிழமை என்ற செய்தி யார் வாயிலாகப் போகும்? உபதேசியார், மிஷன் பள்ளி வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு. அப்போது முதல் வரிசையில் உட்காருபவன் யார்? எவனையும் தடுக்காமலேயே ஒரு கூட்டத்துக்கு மட்டும் முதலில் தெரிந்துவிடும். நான் அரசுப் பணியில் இருந்தபோது இதே தவறு எங்களிடமும் நடந்தது. எங்கள் செய்தி ஊராட்சித் தலைவர் வீட்டுத் திண்ணையோடு நின்றுவிடும். அங்கே சபை, இங்கே கட்சி. இதை மதச்சார்பு என்று மட்டும் எழுதி முடித்துவிட்டால் பாடம் பாதிதான்.

அப்படியானால் முட்டைச் சங்கமும் காளைச் சங்கமும் பேச்சிலிருந்தே மறைந்துபோய், தேன் மட்டும் ஏன் நின்றது? எனக்குத் தெரிந்த காரணங்களைச் சொல்கிறேன். முட்டைக்குத் தினமும் சேகரிக்க ஆள் வேண்டும், உடையாமல் கொண்டுபோக வேண்டும், ஒருநாள் வண்டி வராவிட்டால் நஷ்டம். காளைக்குத் தீவனம் போட ஒரு பொறுப்பாளி வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மையம் உயிரோடு இருந்தாக வேண்டும். தேன் அப்படி இல்லை. போத்தலில் ஊற்றி வைத்தால் விலை வரும்வரை கிடக்கும். நிலமே வேண்டாம், அடுத்தவன் தோட்டத்து ஓரத்தில் பெட்டி வைக்கலாம். பெட்டியை ஊர் ஆசாரி செய்வார். கூட்டத்தைக் காட்டில் பிடிக்கலாம், இருக்கிற கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கலாம். அப்பன் செய்வதைப் பார்த்துப் பிள்ளை படிப்பான், புகைப்பானைப் பிடிக்கிற வயசிலிருந்தே. 1930களிலேயே தேன் வளர்ப்போருக்குக் கூட்டுறவுச் சங்கம் வந்து, விற்பனை மையத்தின் கையிலிருந்து வளர்ப்பவர் கைக்குப் போனது.

பெருமை முழுவதையும் ஒய்.எம்.சி.ஏ.வுக்குக் கொடுத்துவிடவும் கூடாது. இன்று மார்த்தாண்டம் தேன் என்று விற்பதில் பெரும்பங்கு ரப்பர் தேன். ரப்பர் மரம் டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது, பூவிலிருந்து இல்லை, இலைக்காம்பின் நுனியிலிருந்து மதுரம் கசியும். அதுதான் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை ஓடும் தேன். குமரியில் சிறு விவசாயிகள் ரப்பர் நட்டது பெரும்பாலும் பின்னால் நடந்தது, அதற்கும் ஹேட்சுக்கும் சம்பந்தமில்லை. ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். வாங்கிய மறுமாதம் அடியில் கட்டியாகப் படிந்தால் சீனி கலந்துவிட்டான் என்று சண்டைக்கு வருவார்கள். வெயிலில் கொஞ்சநேரம் வைத்தால் இளகிவிடும். உறைவதை வைத்து மட்டும் கலப்படம் என்று முடிவு கட்டாதீர்கள். அப்புறம் 1957இல் வந்த கதர் கிராமத் தொழில் ஆணையம் இந்தத் தொழிலைத் தென்னிந்தியா எங்கும் கொண்டுபோனது. அவர்கள் பங்கும் பெரிது.

இந்தத் தொழிலுக்கு நிஜமான பரீட்சை 1991-92இல் வந்தது. தாய் சேக்புரூட் (Thai sacbrood) என்ற, தேனீப் புழுக்களைத் தாக்கும் வைரஸ் நோய். புழு அறையைத் திறந்தால் வெள்ளையாக வளைந்து படுத்திருக்க வேண்டிய புழு, அறைக்குள்ளேயே விறைத்து, நுனி தூக்கி நிற்கும். இடுக்கியால் எடுத்தால் தண்ணீர் நிறைந்த பை மாதிரி தொங்கும். கேரளத்திலும் குமரியிலும் அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவை போயின. வீட்டுக்கு வீடு காலிப் பெட்டி. நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது அந்தச் சோகம் ஆறியிருக்கவில்லை. அருமனைப் பக்கம் ஒரு பெரியவர் பின்கட்டில் அறுபது எழுபது பெட்டிகளை அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். விறகுக்குக்கூட எடுக்கவில்லையா என்று கேட்டேன். "சாரே, ஈ திரும்பி வரும். வரும்போ வீடு வேண்டாமா" என்றார். அவர் சொன்னது போலவே சில வருடத்தில், நோய்க்குத் தப்பிய கூட்டங்களைப் பிரித்துப் பிரித்து, தொழில் மெதுவாகத் திரும்பியது. அந்தச் சமயம் ஹேட்ச் இல்லை, பெரிய திட்டம் எதுவும் இல்லை. கை பழகிய ஜனங்கள் இருந்தார்கள். இன்றும் சீசனில் லாரியில் பெட்டி ஏற்றிக் கேரளத்து ரப்பர் எஸ்டேட்டுகளுக்குப் போகிறவர்களில் குமரிக்காரர்கள் நிறைய. இதைத் தோல்வி என்று எழுத எனக்குக் கை வராது.

என் தோல்வி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஒப்பிட உதவும். குமரியை விட்டு வேறொரு வறண்ட மாவட்டத்துக்கு மாற்றலானபோது, மானியத்தில் நாற்பது பேருக்குத் தேன்பெட்டி கொடுத்தோம். பந்தல், மாலை, போட்டோ எல்லாம் உண்டு. மறுவருடம் போய்ப் பார்த்தால் ஒரு வீட்டில் பெட்டிக்குள் கோழி அடைகாக்கிறது, இன்னொரு வீட்டில் மிளகாய் வற்றல் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். நாற்பதில் மூன்றில் மட்டும் ஈ இருந்தது. பூ இல்லாத மாதங்களில் சீனிப்பாகு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கூட்டம் ஓடிவிடும் என்று பயிற்சியில் சொன்னோம்தான். ஆனால் ஜூலை மாதம் ஈ சோர்ந்து கிடக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க எங்கள் ஆள் ஒருவர்கூட அங்கே இல்லை. ஸ்டாண்டுக் காலுக்கு அடியில் எறும்புக் கிண்ணத்தில் தண்ணீர் வற்றியதைக் கவனிக்க ஆள் இல்லை. பெட்டி அதே பெட்டிதான். மார்த்தாண்டத்துக்காரர்கள் அதைக் கொடுத்துவிட்டு அங்கேயே குடியிருந்தார்கள், நாங்கள் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினோம். நம்பிக்கை உள்ளவர்கள் தொண்டு செய்யும்போது கிடைக்கிற அனுகூலம் இதுதான் என்று தோன்றுகிறது: குறைந்த சம்பளத்தில், ஒரே ஊரில், பத்துப் பதினைந்து வருடம் உட்கார ஆள் கிடைக்கிறார்கள். அவர்களை உட்கார வைப்பது ஜெபமா, காந்தியா, கட்சியா என்பது அவரவர் விஷயம்.

சரி, தம்பி. உங்கள் ஊர் அமைப்பு எது என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் பெயர் சொல்லித் தீர்ப்பு எழுத மாட்டேன். நான் என் அக்கா பையனைச் சேர்ப்பதாக இருந்தால் என்ன பார்ப்பேன் என்று சொல்கிறேன். முதலில், போன வருடம் படித்து முடித்த பையன்கள் நாலு பேரின் நம்பர் கேளுங்கள். நிர்வாகி சொல்லும் கதையைவிட, வெல்டிங் படித்தவன் இப்போது வெல்டிங் செய்கிறானா, சுவிக்கி ஓட்டுகிறானா என்பது பெரிய விஷயம். சான்றிதழை யார் தருகிறார்கள் என்று பாருங்கள், அமைப்பின் லெட்டர்பேடா, அரசு அங்கீகரித்த தொழிற்பயிற்சிச் சான்றா. பத்தாம் வகுப்பு ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்றால், எந்த மதமாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். காலையில் பிரார்த்தனை இருக்கும், பல இடத்தில் உண்டு, அதுவே குற்றமில்லை. ஆனால் வராதவனை என்ன செய்கிறார்கள் என்று பழைய மாணவனிடம் கேளுங்கள். வராவிட்டால் சாப்பாட்டில், ஹாஸ்டலில், வேலைக்குச் சிபாரிசில் கை வைக்கிறார்கள் என்றால், அது தொண்டு இல்லை, பேரம். சேரும் பாரத்தில் மதம், சாதி கேட்கிறார்கள் என்றால் எதற்கு என்று கேட்கத் தயங்காதீர்கள். உதவித்தொகைக்கு என்றால் நியாயம் இருக்கலாம். வெளிநாட்டுப் பணத்தில் நடக்கிறது என்று சொன்னால் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு, அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான அரசுப் பதிவு, இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: அந்தப் பதிவு மத அமைப்புக்கும் கிடைக்கும், மற்ற அமைப்புக்கும் கிடைக்கும். பணம் சட்டப்படி வருகிறது என்பதற்குத்தான் அது அடையாளம், பயிற்சி நல்லது என்பதற்கு இல்லை.

தம்பி அங்கே போய் அவர்கள் சாமியைக் கும்பிட ஆரம்பித்துவிடுவானோ என்று வீட்டில் பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். பதினெட்டு வயசு முடிந்தவன் என்றால், அதை அவன்தான் தீர்மானிக்க வேண்டும், நானும் நீங்களும் இல்லை. ஒரு கொசுறுத் தகவல் மட்டும் அம்மாவிடம் சொல்லுங்கள். உங்கள் ஊரில் சாயங்காலம் வலை கட்டி வாலிபால் ஆடுகிறார்களா? அந்த ஆட்டம் 1895இல் அமெரிக்காவில் ஒரு ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கூடத்தில் வில்லியம் மார்கன் என்பவர் கண்டுபிடித்தது. பாஸ்கெட்பாலும் அப்படித்தான், 1891, ஜேம்ஸ் நெய்ஸ்மித். ஹாரி பக் 1920இல் சென்னையில் தொடங்கிய, இப்போது நந்தனத்தில் இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்த பி.டி. வாத்தியார்கள்தான் இரண்டையும் நம் பள்ளிக்கூட மைதானங்களுக்குப் பரப்பியவர்களில் முக்கியமானவர்கள். கோயில் கொடைக்கு நடக்கும் வாலிபால் போட்டியில் சர்வ் போடுகிற எவனும் இதனால் மதம் மாறியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கடைசியாக, மார்த்தாண்டத்தை நேரில் பார்க்க ஆசை என்று எழுதியிருந்தீர்கள். பிப்ரவரியில் வாருங்கள், தேன் எடுக்கும் நேரம். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் பெட்டி வைத்திருப்பவர் யாரிடம் கேட்டாலும் திறந்து காட்டுவார்கள். வெள்ளைச் சட்டை போட்டு வாருங்கள், செண்ட் வேண்டாம். கறுப்புச் சட்டையைக் கண்டால் ஈ கரடி என்று நினைத்துக்கொண்டு கொட்டும் என்பார்கள். காரணம் எதுவோ, கொட்டுவது நிச்சயம்.